காடாம்புலியூர்: பலா நிழலும் கரன்ட் பில்லும்

பண்ருட்டியில் கெடிலம் பாலத்தைத் தாண்டி, வடலூர் போகும் சாலையில் தெற்கே திரும்பினால் மண்ணின் நிறம் மாறத் தொடங்குகிறது. பணிக்கன்குப்பம் வரும்போது சாலையின் இரு பக்கமும் செம்மண். அதன் மேல் பலா. அதைத் தாண்டி முந்திரி. சித்திரை பிறந்துவிட்டால் சாலையோரம் பலாப்பழங்கள் மலைபோல் குவிந்து, பேருந்து ஜன்னல் வழியாகவே வாசனை உள்ளே வரும். காடாம்புலியூர் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. முந்திரி வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். கொட்டையை வறுப்பது, உடைப்பது, தோல் நீக்குவது, தரம் பிரிப்பது என்று வீட்டுத் திண்ணையிலும் கொட்டகையிலும் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கும். பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், அது தங்களுக்கு எப்போதோ தெரிந்த சேதி என்பார்கள்.

இதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் நெய்வேலி. 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்துவிட்டது: காட்டை நம்பிய பிழைப்பு ஒன்று, ஷிப்டை நம்பிய பிழைப்பு மற்றொன்று. ஒரே வீட்டில் அண்ணன் முந்திரிக் காட்டிலும் தம்பி சுரங்கத்திலும் இருப்பது இங்கே சாதாரணம். சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்து 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதலாவது அனல்மின் நிலையம் 2020-இல் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. இயந்திரத்துக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள், மனிதர்கள் எம்மாத்திரம்!

ஓய்வு வயது வரும்வரை காத்திராமல், ஐம்பதைத் தாண்டியதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டோ, ஒப்பந்த வேலையை விட்டுவிட்டோ, வெளிநாட்டிலிருந்து திரும்பியோ, பூர்வீக நிலத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சாலையோர ஊர்கள் தோதானவை. நிலம் இருக்கிறது, மரம் இருக்கிறது, பண்ருட்டி சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சம்பளம் நின்ற பிறகு வீட்டுக்கு வரும் முதல் பெரிய கடிதம் பெரும்பாலும் மின்வாரியத்திடமிருந்துதான் வருகிறது.

காரணம் வீட்டின் கட்டுமானம். பழைய ஓட்டு வீட்டில் உயரமான கூரையும் ஒரு திண்ணையும் இருந்தன. தெற்குப் பக்கம் ஒரு பலா மரம் நின்றது. இன்று பணம் கைக்கு வந்ததும் எழுவது கான்கிரீட் வீடு. மொட்டை மாடி பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதைக் கக்குகிறது. முதலில் ஃபேன், பிறகு ஒரு அறைக்கு மட்டும் ஏ.சி., பிறகு பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் இரண்டாவது அறைக்கும் ஏ.சி. கூடவே தண்ணீர் ஏற்றும் மோட்டார், வென்னீருக்கு ஹீட்டர். வேலைக்குப் போகும்போது பகலில் பூட்டிக் கிடந்த வீடு, ஓய்வுக்குப் பிறகு இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் வீடாகிறது. யூனிட் ஏறுவதற்கு அது ஒன்றே போதும்.

501-வது யூனிட்டின் விலை

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைக்குப் பிறகு அரசு மானியம் போகக் கையிலிருந்து கட்டுவது இப்படி: மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஆக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய்.

அதே வீட்டில் ஒரே ஒரு யூனிட் கூடுதலாக, 501 ஓடிவிட்டால்? 101 முதல் 200 வரை இருந்த பாதி விலைச் சலுகை போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு போடுவார்கள். 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. பில் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் உண்மையான விலை 243 ரூபாய்க்கு மேல்! அதன் பிறகு 600-ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு 9 ரூபாய் 45 காசு, 800-ஐத் தாண்டினால் 10 ரூபாய் 50 காசு. 800 யூனிட் வீட்டுக்கு 4,770 ரூபாய் வரும். யூனிட் 500-லிருந்து 800-க்குப் போனது அறுபது சதவீத ஏற்றம்தான். பணமோ இரண்டரை மடங்குக்கு மேல்.

சம்பளக்காரருக்கு இந்த வித்தியாசம் உறைப்பதில்லை. மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். முன்கூட்டியே வேலையை விட்டவருக்கு அப்படியல்ல. தபால் நிலைய மாதாந்திர வருமானத் திட்டத்தில் 7.4 சதவீத வட்டிக்கு 9 லட்சம் ரூபாய் போட்டால் மாதம் 5,550 ரூபாய் வரும். கோடைக்கால பில் 4,770 என்றால், இரண்டு மாத வட்டியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பணம் மின்சாரத்துக்கே போகிறது. திருப்பிச் சொன்னால், பில்லில் மாதம் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்ளும் குடும்பம், தபால் நிலையத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போட்டு வைத்ததற்குச் சமம். வட்டிக்காவது வருமான வரிக் கணக்கு உண்டு. மிச்சப்படுத்திய பில்லுக்கு வரி கிடையாது.

இதற்கு முதல் வழி கூரையில் இல்லை, உத்தரத்தில் தொங்குகிறது. பழைய மாதிரி ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட் அளவுதான் எடுக்கும், 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனை மாற்றினால் 120 யூனிட். 620 யூனிட் ஓடும் வீட்டில் பில் 3,069 ரூபாய். அது 500-க்கு இறங்கினால் 1,805. ஒரு பில்லுக்கு 1,264 ரூபாய் மிச்சம். மூன்று ஃபேனுக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய் ஆகிறது என்று வைத்தாலும், ஏழெட்டு பில்லில் அந்தப் பணம் திரும்பிவிடும். இதற்கு ஈடான முதலீட்டை எந்த வங்கியும் தராது.

மாடித் தரைக்குக் கோடைக்கு முன்பு சுண்ணாம்பு அடிப்பது இன்னும் மலிவு. வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கீழே அறையில் இரவு நேரத்தில் வித்தியாசம் தெரியும். வென்னீருக்கு ஹீட்டரைவிட அடுப்பே இந்த ஊருக்குப் பொருத்தம். முந்திரிக் காட்டில் கவாத்து செய்த கிளைகளும் காய்ந்த மிலாரும் ஆண்டு முழுக்கக் கிடைக்கின்றன. 2 கிலோவாட் ஹீட்டர் தினமும் அரை மணி நேரம் ஓடினால் ஒரு பில்லுக்கு 60 யூனிட். அதைக் கொல்லைப்புறத்தில் எரியும் சுள்ளி மிச்சப்படுத்திவிடும். ஆனால் முந்திரிக்கொட்டையின் தோட்டை வீட்டு அடுப்பில் போடக் கூடாது. அதிலிருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும், புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். அது வறுவல் கொட்டகைக்கு உரிய எரிபொருள்.

நாலைந்து மாடு வைத்திருக்கும் வீட்டில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் போட்டால் சமையல் அடுப்புச் செலவும் கணிசமாகக் குறையும். தினமும் 50 கிலோ சாணம் வேண்டும். வெளியே வரும் சாணக் கரைசல் பலா மரத்தின் அடிக்கு நல்ல உரம். மாடு இல்லாதவர் சாணம் வாங்கிக் கலன் ஓட்டுவது நிலைக்காது. போட்டுவிட்டுக் கைவிட்ட கலன்கள் எந்த ஊரிலும் இரண்டு மூன்று கிடக்கும்.

அடுப்பு என்றதும் இந்தச் சாலையின் அடுத்த ஊரைச் சொல்லாமல் போக முடியாது. வடலூர் தருமச்சாலையில் 1867 மே 23-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. வருகிறவருக்கெல்லாம் சோறு போடும் அந்த அடுப்பை அணையவிடாமல் காப்பதற்கு, வெளியே தெரியாமல் ஒரு பெரிய விறகுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது வீட்டுக் கணக்குப் பார்க்கிறவருக்குத்தான் புரியும்.

மாடியில் போடலாமா?

முன்கூட்டியே ஓய்வு பெற்று வருபவர் கேட்கும் முதல் கேள்வி, கையிலிருக்கும் பணத்தில் சோலார் போடலாமா என்பதுதான். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஏறக்குறைய நூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி குறையும், மாசி, பங்குனியில் ஏறும்.

பதில் வீட்டுக்கு வீடு மாறுகிறது. 800 யூனிட் ஓடும் வீடு 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 720 யூனிட் கிடைக்கும். மீதி 80 யூனிட் இலவச வரம்புக்குள் அடங்கிவிடும். ஆண்டு முழுவதும் இதே அளவு ஓடினால் 28,620 ரூபாய் மிச்சம். விலைப்புள்ளி 1,80,000 என்றால் மானியம் போகக் கைப்பணம் 1,02,000. நான்கு ஆண்டுக்குள் எடுத்துவிடலாம். ஃபேன்களை மாற்றி 500 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். 1,40,000-க்குப் போட்டு 60,000 மானியம் வந்தால் கைப்பணம் 80,000. ஆண்டுக்கு மிச்சம் 10,830. ஏழரை ஆண்டு ஆகும். மோசமில்லை, ஆனால் அவசரமும் இல்லை. வயதான தம்பதி மட்டும் இருந்து 200 யூனிட் ஓட்டும் வீட்டில் பில்லே 235 ரூபாய்தான். அவர்கள் சோலார் விற்க வருகிறவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

இந்தக் கணக்கில், சோலார் வைத்த வீட்டுக்கு மின்வாரியம் தனியாகப் பிடிக்கும் கட்டணம் எதையும் சேர்க்கவில்லை. பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு, விலைப்புள்ளியோடு சேர்த்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். மானியம், தகடு பொருத்தி மீட்டர் மாற்றிய பிறகு வங்கிக் கணக்குக்கு வருவது. ஆகவே முழுப் பணமும் முதலில் கையிலோ கடனிலோ இருக்க வேண்டும். மின் இணைப்பு விண்ணப்பதாரர் பெயரில் இருக்க வேண்டும். கிராமத்து வீடுகளில் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது புதிதல்ல. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றும் பங்காளிகளின் சம்மதமும் தேவைப்படும். சோலாரைவிட அதற்கே அதிக நாள் பிடிக்கும்.

கிணற்று மோட்டாருக்கு விவசாய இணைப்பில் கட்டணமில்லாத மின்சாரம் வருகிறது; அதிலிருந்து வீட்டுக்கு ஒரு வயரை இழுத்தால் என்ன என்ற எண்ணமும் சிலருக்கு வரும். அது மின் திருட்டு. அபராதம் ஒரு பக்கம், இணைப்பையே இழக்கும் ஆபத்து மறு பக்கம்.

நிழல் இன்னொரு சிக்கல். சோலார் தகடு தெற்கு நோக்கிச் சாய்ந்து வெயிலில் இருக்க வேண்டும். வீட்டின் தெற்கில் நிற்பதோ முப்பது நாற்பது வயதுப் பலா. அந்த மரம் சுவரில் வெயில் படாமல் காக்கிறது, ஆண்டுதோறும் காய்க்கிறது, காலம் முடிந்தாலும் அதன் மரத்துக்கு மதிப்பு உண்டு. தஞ்சாவூர் வீணை செய்யப்படுவது பலா மரத்தில்தான். தகட்டுக்காக அதை வெட்டுவது நெல்லைக் கொட்டிவிட்டு உமியை அள்ளுவது போன்றது. மாட்டுக் கொட்டகை, களம், பின்பக்கத்து அறை என்று வேறு கூரை தேடுவதே நல்லது. எங்கே போட்டாலும் செம்மண் தூசியும் வறுவல் புகையும் படியும். மாதம் இரண்டு முறை வெயில் ஏறும் முன்பு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

தானே சொன்ன கணக்கு

2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், இந்தப் பகுதியில் வயது வந்த ஒவ்வொருவர் நினைவிலும் ஒரு தேதியாக நிற்கிறது. விடிந்து பார்த்தால் முந்திரிக்காடு இல்லை. வேரோடு சாய்ந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நூறு வயதைத் தொட்ட பலா மரங்களும் தப்பவில்லை. மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்களில் நாள் கணக்கிலும் சில ஊர்களில் வாரக் கணக்கிலும் மின்சாரம் வரவில்லை. நாட்டுக்கே மின்சாரம் தரும் நெய்வேலிக்குப் பக்கத்தில் மக்கள் மண்ணெண்ணெய் விளக்கோடும் ஜெனரேட்டர் வாடகையோடும் பொங்கல் கொண்டாடினார்கள்.

முந்திரி மரத்தை வங்கி போல நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி. தை, மாசியில் பூத்துப் பங்குனியில் கொட்டை எடுக்க வேண்டிய நேரம். அந்த வருமானத்தை வைத்துக் கல்யாணம், கல்லூரிக் கட்டணம், கடன் தவணை என்று திட்டமிட்டிருந்தார்கள். விழுந்த மரத்தை விறகு விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விறகுக்கு என்ன விலை கிடைக்கும்? கையில் ரொக்கமோ வைப்புத் தொகையோ வைத்திருந்தவர் நிலத்தைச் சீர்செய்து மறுபடி கன்று நட்டார். இல்லாதவர் நிலத்தின் ஒரு பகுதியை விற்றார், அல்லது வெளியூர் வேலைக்குப் போனார்.

சோலார் போட நினைப்பவருக்கும் இதில் சேதி இருக்கிறது. மின்கம்பியோடு இணைந்த சாதாரண சோலார் அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பகல் வெயில் கொளுத்தினாலும் வீட்டில் விளக்கு எரியாது. புயல் நாளுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் சின்ன பேட்டரியோடு இன்வெர்ட்டர் தனியாக வேண்டும். தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் கடலோர மாவட்டக் காற்றுக்கு ஏற்றதா, மாடியில் எத்தனை போல்ட்டில் நிற்கிறது என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய் மலிவு என்று மெல்லிய சட்டத்துக்குச் சம்மதித்தால், அடுத்த புயலில் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில்தான் தகட்டைத் தேட வேண்டியிருக்கும்.

ஓய்வுப் பணத்தை எங்கே வைப்பது என்பதைக் காத்திருக்கும் காலத்தை வைத்துப் பார்த்தால் குழப்பம் குறையும். ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு சேவை இருந்தால் ஐம்பது வயதிலிருந்தே ஓய்வூதியம் கேட்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை ஆண்டு முன்பாக வாங்குகிறாரோ, ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் குறையும், அது ஆயுள் முழுக்கக் குறைவுதான். அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டம் 8.2 சதவீதம் தருகிறது, 30 லட்சம் வரை போடலாம். அதற்கு வயது 60 ஆக வேண்டும். விருப்ப ஓய்வு பெற்றவர் 55-லேயே சேரலாம், ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். நம்மவருக்கு இரண்டுமே இன்னும் தூரம். ஆக அவர் கையில் இப்போது உள்ளது மாதாந்திர வருமானத் திட்டமும் வங்கி வைப்பும்தான்.

மரமும் காத்திருக்க வைக்கும். பலா ஒட்டுக்கன்று காய்க்க ஐந்து ஆண்டு, விதைக்கன்று எட்டு ஆண்டு ஆகும். முந்திரி ஒட்டு மூன்றாம் ஆண்டில் பூவைக் காட்டும். ஐம்பத்திரண்டில் நட்ட பலா, ஓய்வூதியம் குறையாமல் கிடைக்கும் 58 வயதையொட்டிக் காய்க்கத் தொடங்கும். அதுவரை இடைப்பட்ட ஆறு ஆண்டுதான் இந்தக் குடும்பத்தின் கண்டம். அந்த ஆறு ஆண்டில் உடனே பலன் தருவது, அடுத்த பில்லிலேயே தெரியும் சிக்கனம் ஒன்றுதான். ஆகவே இரண்டு ஆண்டுச் சாப்பாட்டுச் செலவைத் தொடாமல் வைப்பில் வைத்துவிட்டு, முதலில் ஃபேன், சுண்ணாம்பு, வென்னீர் அடுப்பு; அதன் பிறகும் பில் 500 யூனிட்டுக்கு மேல் நிற்கிறது என்றால் மட்டும் சோலார். வைப்பை முழுவதும் உடைத்து மாடியில் பரப்புவது சரியல்ல. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் தபால் நிலையத்துக் கணக்கை முடித்துப் பணம் எடுக்கலாம். சோலார் தகட்டைக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

நிலம் உள்ளவர் ஆடிக்குப் பிறகு மழை பிடிக்கும்போது கன்று வைக்கலாம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 முந்திரி ஒட்டும், பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பலா ரகங்களும் இந்த மண்ணிலேயே தேர்வானவை. முந்திரிக்கு 7 மீட்டர், பலாவுக்கு 8 மீட்டர் இடைவெளி. தானேக்குப் பிறகு நட்ட ஒட்டு முந்திரிகள் காடாம்புலியூர்ப் பக்கம் இன்று நல்ல காய்ப்பில் நிற்கின்றன. இடையிடையே பலா, ஓரத்தில் இரண்டு வரிசை வேறு மரம் என்று கலந்து நட்ட காடுகளும் கண்ணில் படுகின்றன. வீட்டுக்குத் தெற்கே வைக்கும் பலாக் கன்றை மட்டும், சோலார் போட நினைக்கும் கூரையிலிருந்து நன்றாகத் தள்ளியே வைக்க வேண்டும். இருபது ஆண்டில் அதன் நிழல் எங்கே விழும் என்று குச்சி நட்டுப் பார்த்துவிட்டுக் குழி எடுக்கலாம்.